நின்றுபோனதா, நெரிசலா? பேஜ் ஃபால்ட் பூட்டுச் சிக்கலுக்கு எந்தக் கருவியை எடுப்பது

பணகுடிப் பக்கம் காத்தாடிகளின், அதாவது காற்றாலைகளின், அடியில் எங்கள் பெட்டிகள் சில இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு ஆர்ம் போர்டு, 1 ஜிபி நினைவகம், லினக்ஸ் 6.1 கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), சுற்றையும் அதிர்வையும் அளக்கும் ஒரு கார்டு. அந்தக் கார்டுக்கான டிரைவர், அதாவது கெர்னலுக்குள் இருந்து கார்டை இயக்கும் கோடு, நாங்கள் எழுதியது. மாசி, பங்குனியில் ஒரு தொந்தரவும் இல்லை. வைகாசி முடிந்து, கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று இறங்க ஆரம்பித்ததும் பெட்டிகள் நாளைக்கு இரண்டு மூன்று முறை தானாக ரீபூட் ஆகத் தொடங்கின. அங்கே காவலுக்கு இருப்பவர் பாளையங்கோட்டைக்குப் போன் போட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, காத்தாடி நல்லா சுத்துது. ஒங்க பெட்டிதான் அணைஞ்சு அணைஞ்சு எரியுது. என்னன்னு பாருங்க."

பெட்டியின் பதிவேட்டில் (லாகில்) எதுவும் இல்லை. அளவெடுக்கும் நிரல்தான் வாட்ச்டாக் டைமரைத் தட்டிக்கொண்டே இருக்கும். 60 நொடி தட்டாமல் விட்டால் போர்டு ரீசெட் ஆகிவிடும். ஒரு நிரல் அசையாமல் நிற்பதைக் கண்டுபிடித்து எழுதும் கெர்னலின் ஹங் டாஸ்க் காவலோ, இயல்பாக 120 நொடி காத்திருந்த பிறகுதான் வாயைத் திறக்கும். அதாவது சாட்சி வாய் திறக்கும் முன்பே நாங்களே அதை அழித்துக்கொண்டிருந்தோம்.

ஒரு சாயங்காலம் நானே போய், வாட்ச்டாக்கை அணைத்துவிட்டு, பெட்டியின் பக்கத்திலேயே மடிக்கணினியுடன் உட்கார்ந்தேன். இருட்டும் நேரத்தில் அளவுகள் வருவது நின்றது. ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் மைனஸ் ஈஎஃப் என்ற கட்டளையை அடித்தேன். வரிசையாக நிரல்களின் பெயர்கள் வந்தன. எங்கள் நிரல் வரவேண்டிய இடத்தில் பிஎஸ்ஸும் அப்படியே நின்றுவிட்டது. இன்னொரு ஜன்னலைத் திறந்து வெறும் பிஎஸ் மைனஸ் ஈ அடித்தேன். அது முழுப் பட்டியலையும் தந்தது.

இந்த வித்தியாசத்தைக் கண்ணில் பட்டதும் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் கட்டளை நிரலின் முழுக் கட்டளை வரியையும் காட்டும். அந்த வரி அந்த நிரலின் சொந்த நினைவகத்தில் இருப்பதால், படிப்பதற்கு அதன் எம்மேப் லாக்கை, அதாவது அந்த நினைவகத்தைக் காக்கும் பூட்டை, எடுக்க வேண்டும். இரண்டாவது கட்டளைக்கு நிரலின் சுருக்கப் பெயர் போதும், அது கெர்னலிடமே இருக்கிறது. முதலாவது நின்று இரண்டாவது ஓடினால், எம்மேப் லாக்கை யாரோ பிடித்துக்கொண்டு விடவில்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

கருவிகளுக்குப் போகும் முன் இந்தப் பூட்டைப் பற்றிக் கொஞ்சம். நிரல் நினைவகம் கேட்கும்போது கெர்னல் முகவரி எல்லையை மட்டும் குறித்துக்கொள்கிறது. பக்கத்தை, அதாவது எங்கள் போர்டில் 4096 பைட், முதல் தொடுதலின்போதுதான் தருகிறது. அந்த முதல் தொடுதல்தான் பேஜ் ஃபால்ட். தொட்ட முகவரி இந்த நிரலுக்கு உரியதா என்று கெர்னல் குறிப்பேட்டில் தேடும். தேடும்போது வேறு யாரும் குறிப்பேட்டை மாற்றிவிடக் கூடாது. அதற்குத்தான் எம்மேப் லாக். 2020-ல் வந்த 5.8-க்கு முன் இதன் பெயர் எம்மேப் செம். பழைய சிக்கல் அறிக்கைகளைத் தேடும்போது இந்தப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். பேஜ் ஃபால்ட் இதைப் படிக்கும் பூட்டாக எடுக்கும். எம்மேப், மன்மேப் போல எல்லையை மாற்றும் அழைப்புகள் எழுதும் பூட்டாக எடுக்கும்.

திருநெல்வேலிக்காரர்களுக்கு இதைச் சொல்ல ஆனித் தேரோட்டத்தைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. சாதாரண நாளில் ரத வீதியில் எத்தனை பேர் வேண்டுமானாலும் நடக்கலாம். அவர்கள் படிப்பவர்கள். தேர் எழுதுபவர். தேர் வருகிறது என்று கயிறு கட்டிவிட்டால், உள்ளே இருப்பவர்கள் வெளியேறும்வரை தேர் காத்திருக்கும், புதிதாக யாரையும் உள்ளே விடமாட்டார்கள். எம்மேப் லாக்கும் அப்படித்தான்: எழுதுபவர் ஒருவர் வரிசையில் நின்றுவிட்டால் அவருக்குப் பின் வரும் படிப்பவர்களும் நிற்க வேண்டும். இதனால்தான் ஏற்கெனவே படிக்கும் பூட்டை வைத்திருப்பவர் அதையே இன்னொரு தடவை கேட்பது ஆபத்து. வீதிக்குள் நிற்பவர் "என் வீட்டுக்காரி வந்தால்தான் நகருவேன்" என்கிறார். அந்த அம்மா கயிற்றுக்கு வெளியே நிற்கிறார். தேர் இவருக்காக நிற்கிறது. மூவரும் அங்கேயேதான்.

சரி, கருவிகள். எந்தக் கருவி என்று கேட்கும் முன் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: நின்றுபோனதா, நெரிசலா? நின்றுபோனது என்றால் எத்தனை மணி நேரம் விட்டாலும் நகராது. டி நிலையில், அதாவது எழுப்ப முடியாத உறக்கத்தில், கிடக்கும், கட்டாயமாகக் கொல்லும் கில் மைனஸ் 9 கொடுத்தாலும் போகாது. நெரிசல் என்றால் மெதுவாகவாவது நகரும். இந்த இரண்டையும் பிரிக்காமல் கருவி எடுத்ததால்தான் நாங்கள் ஒரு வாரத்தை இழந்தோம். மூன்றாவது ஒன்றும் உண்டு: நிரல் ஓடும் நிலையில் இருக்கும், சிபியு நூறு சதவீதம் எரியும், வேலை மட்டும் நடக்காது. டிரைவரில் ஃபால்டைக் கையாளும் பகுதியான ஃபால்ட் ஹேண்ட்லர் பக்கத்தைப் பொருத்தாமலே "பொருத்திவிட்டேன்" என்று பதில் சொன்னால் இப்படி ஆகும். அதே முகவரியில் அதே ஃபால்ட் முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வரும்.

அந்த மூன்றாவதற்கு க்யூஇமு மெய்நிகர் இயந்திரத்தில் கெர்னலை ஓட்டி ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியை இணைப்பது நன்றாக வேலை செய்யும். ஹேண்ட்லரில் நிறுத்தி, முகவரியைப் பார்த்து, ஒவ்வொரு அடியாக நகர்ந்து, எந்த மதிப்பைத் திருப்பித் தருகிறது என்று நேரில் பார்க்கலாம். முகவரிகள் இடம் மாறாமலிருக்க, அவற்றைக் கலைத்துப் போடும் கேஏஎஸ்எல்ஆரை அணைத்துக்கொள்ளுங்கள். பொதுவான ஃபால்ட் பாதையில் நிபந்தனை இல்லாமல் பிரேக்பாயின்ட் (நிறுத்தப் புள்ளி) வைக்காதீர்கள், நொடிக்கு எத்தனை தடவை நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் பூட்டுச் சிக்கலுக்கு நான் இதை எடுக்கமாட்டேன். ஜிடிபி நிறுத்தும்போது எல்லா சிபியுவும் சேர்ந்து நிற்கிறது. இரண்டு த்ரெட்டுகள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகள்) ஒரு மைக்ரோ நொடி இடைவெளியில் குறுக்கே வருவதால் நடக்கும் கோளாறு, அங்கே அநேகமாக நடக்கவே நடக்காது.

கெர்னல் பதிவேட்டில் வரி எழுதும் பிரின்ட்கே பற்றிக் கொஞ்சம் போதும். ஃபால்ட் பாதையில் அதைப் போட்டால் பதிவேடு வெள்ளமாகப் பாயும், நேரமும் மாறும், கோளாறு ஒளிந்துகொள்ளும். போட்டே ஆகவேண்டும் என்றால் அதன் இலகுவான வடிவமான டிரேஸ் பிரின்ட்கே போடுங்கள்.

அடுத்தது கிராஷ் டம்ப். தொங்கியதும் கெர்னலை வேண்டுமென்றே விழவைத்து, நினைவகம் முழுவதையும் கோப்பாக்கி, கிராஷ் அல்லது டிரகன் கருவியில் திறந்து பார்ப்பது. டி நிலையில் இருக்கும் எல்லாவற்றின் அழைப்பு வரிசையையும் ஒரே கட்டளையில் எடுக்கலாம். எம்மேப் லாக்கின் உள்ளே ஓனர் என்ற புலத்தையும் பார்க்கலாம். இதில் ஏமாறக் கூடாத ஒரு இடம் உண்டு. எழுதும் பூட்டாகப் பிடித்திருந்தால் அந்த ஓனரை நம்பலாம். படிக்கும் பூட்டாக இருந்தால் அந்தப் பெயர் வெறும் துப்பு. கடைசியாக வந்த ஒரு படிப்பவரின் பெயர் அதில் இருக்கலாம், அவர் எப்போதோ விட்டுவிட்டுப் போயிருக்கலாம். உண்மையில் பிடித்திருப்பவர் யார் என்பதை மற்ற த்ரெட்டுகளின் அழைப்பு வரிசைகளிலிருந்து நாமே தேட வேண்டும். பெரிய சர்வருக்கு கிராஷ் டம்ப் அருமையான வழி. 1 ஜிபி போர்டில் டம்ப் கெர்னலுக்கென்று இடம் ஒதுக்குவது கட்டாது.

எங்களைப் போன்ற சின்னப் பெட்டிக்கு அதற்குப் பதிலாக ராம்ஊப்ஸ் போதும். ஒரு சிறு துண்டு நினைவகத்தை, போர்டின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் ஒதுக்கி வைத்தால், மின்சாரம் போகாத ரீசெட்டுக்குப் பிறகும் கடைசிக் கெர்னல் பதிவுகள் அங்கேயே இருக்கும். ஹங் டாஸ்க் காலத்தை 120-லிருந்து 20 நொடியாகக் குறைத்தோம். அப்புறம் வாட்ச்டாக் போர்டை உதைக்கும் முன்பே அழைப்பு வரிசை எழுதப்பட்டுவிட்டது. களத்தில் கிடக்கும் பெட்டிக்கு இந்த இரண்டையும் செய்யாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை.

டிரேசிங், அதாவது கெர்னல் ஓடும்போதே நடப்பதை நேரத்தோடு பதிவது, நெரிசலுக்கான கருவி. இதிலும் இரண்டு வழி. எம்மேப் லாக்குக்கென்றே டிரேஸ்பாயின்டுகள் (பதிவுப் புள்ளிகள்) இருக்கின்றன: கேட்டது, கிடைத்தது, விட்டது என்று ஒவ்வொன்றையும் பதியும். யாருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று பிபிஎஃப் டிரேஸ் என்ற கருவியை வைத்து வரைபடமே போடலாம். ஆனால் பூட்டைத் தொடும் ஒவ்வொரு தடவையும் அது பேசும் என்பதால் ஃபால்ட் அதிகமான நிரலில் செலவு தெரியும். 2022-ல் 5.19 கெர்னலில் சேர்ந்த கன்டென்ஷன் (நெரிசல்) டிரேஸ்பாயின்டுகள் யாராவது உண்மையிலேயே காத்திருக்க நேர்ந்தால் மட்டும் பேசும். பெர்ஃப் லாக் கன்டென்ஷன் என்ற கட்டளை இவற்றைப் பயன்படுத்துகிறது. நான் எப்போதும் இதில் ஆரம்பித்து, எம்மேப் லாக்தான் என்று தெரிந்த பிறகே முதலாவதுக்குப் போவேன்.

எல்லாப் பெட்டிகளின் அளவுகளையும் வாங்கும் எங்கள் அலுவலக சர்வரில் இது கைகொடுத்தது. அங்கே எதுவும் நிற்கவில்லை, காலையில் மட்டும் மெதுவாகியது. ஒரு த்ரெட் பழைய கோப்புகளை வரிசையாக எம்மேப் செய்து மன்மேப் செய்துகொண்டிருந்தது. அதே நிரலின் மற்ற த்ரெட்டுகள் எல்லாம் தங்கள் ஃபால்டுகளுக்காக அதன் பின்னால் நின்றன. தேர் அடிக்கடி வரும் வீதி. கோப்பு வேலையைத் தனி ப்ராசஸாகப் பிரித்தோம். தனி ப்ராசஸ் என்றால் தனி எம்மேப் லாக், அதோடு சரியாகிவிட்டது. பூட்டு எடுக்கும் வரிசையைச் சரிபார்க்கும் லாக்டெப்பை (அது கீழே வருகிறது) இங்கே எத்தனை நாள் ஓட்டியிருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்காது, ஏனென்றால் அங்கே பூட்டு வரிசையில் தப்பே இல்லை.

காத்தாடிப் பெட்டிக்கு நாங்கள் முதலில் எடுத்ததும் டிரேசிங்தான். அதுதான் தப்பு. நிற்கும்வரை எல்லாக் காத்திருப்பும் மைக்ரோ நொடிகளில் இருந்தது, வரைபடம் அழகாக இருந்தது. நின்ற பிறகு, கிடைத்தது என்ற பதிவே வரவில்லை. கிடைக்காத பூட்டுக்கு டிரேசிங் என்ன நேரம் சொல்லும்?

இனி லாக்டெப். 2006-ல் 2.6.18-ல் இங்கோ மொல்னார் கெர்னலுக்குள் கொண்டுவந்தது. ப்ரூவ் லாக்கிங் என்ற தேர்வை இயக்கிக் கெர்னலைக் கட்டினால் இது உள்ளே வரும். எந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு எந்தப் பூட்டைக் கேட்டீர்கள் என்று வரிசையைக் குறித்துக்கொண்டே போகும். அ பிடித்து ஆ கேட்ட பாதை ஒன்றும், ஆ பிடித்து அ கேட்ட பாதை ஒன்றும் கண்ணில் பட்டால் உடனே எச்சரிக்கும். அந்த இரண்டு பாதைகளும் ஒரே நேரத்தில் மோதவே வேண்டியதில்லை. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று நடந்தால்கூடப் போதும், நடுவில் போர்டை அணைக்காமல் இருந்தால் சரி. நாங்கள் காற்றுக்காகக் காத்திருந்தோம். லாக்டெப்புக்குக் காற்று தேவையில்லை.

மேசை மேல் ஒரு போர்டில் லாக்டெப் கெர்னலை ஏற்றி, கார்டுக்குக் கையால் பல்ஸ் கொடுத்தோம். நிரல் தொடங்கிச் சில நிமிடங்களில் "பாசிபிள் சர்குலர் லாக்கிங் டிபென்டென்சி டிடெக்டெட்" என்று திரையில் விழுந்தது. எதுவும் தொங்கவில்லை. கீழே இரண்டு சிபியுக்களைப் பக்கம் பக்கமாக வரைந்து, ஒன்றில் எம்மேப் லாக்குக்குப் பின் எங்கள் மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கும் பூட்டு, எங்கள் டிரைவருடையது), மற்றதில் எங்கள் மியூடெக்ஸுக்குப் பின் எம்மேப் லாக் என்று எழுதி, அடியில் டெட்லாக் என்று போட்டிருந்தது.

கோடைப் பார்த்தால் விஷயம் இதுதான். நிரல் டிரைவரிடம் அளவுகளை வாங்கும் ஐஆக்டில் என்ற அழைப்பில் எங்கள் மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டு, காப்பி டு யூசர் மூலம் நிரலின் பஃபருக்குத் தரவை எழுதினோம். அந்தப் பஃபரின் பக்கம் இன்னும் நினைவகத்தில் இல்லையென்றால் அங்கேயே பேஜ் ஃபால்ட் வரும், எம்மேப் லாக் கேட்கும். அதே நிரலின் இன்னொரு த்ரெட் கார்டின் ரிங் பஃபரை (சுழற்சியாக நிரப்பப்படும் நினைவகத்தை) எம்மேப் செய்கிறது. கெர்னல் எம்மேப் லாக்கை எழுதும் பூட்டாகப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் டிரைவரின் எம்மேப் ஹேண்ட்லரைக் கூப்பிடும். அந்த ஹேண்ட்லரின் முதல் வரியே அதே மியூடெக்ஸை எடுப்பது. இவரிடம் இருப்பது அவருக்கு வேண்டும், அவரிடம் இருப்பது இவருக்கு வேண்டும்.

காப்பி டு யூசர் என்ற வரியைப் படிக்கும்போது அதில் பூட்டு இருப்பதாகக் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் இந்தப் பிழை இத்தனை டிரைவர்களில் திரும்பத் திரும்ப வருகிறது. கெர்னலில் மைட் ஃபால்ட் என்று ஒரு குறி இருக்கிறது. "இங்கே ஃபால்ட் வரலாம், வந்தால் எம்மேப் லாக் எடுக்கப்படும்" என்று லாக்டெப்பிடம் முன்கூட்டியே சொல்வது அதன் வேலை. பக்கம் உள்ளே இருந்து ஃபால்ட் வராமல் போனாலும் லாக்டெப் அதை எடுத்ததாகவே கணக்கு வைத்துக்கொள்ளும். எங்கள் மேசையில் சில நிமிடங்களில் பிடிபட்டதற்கு இந்தக் குறிதான் காரணம்.

காற்றுக் காலத்தில் மட்டும் வந்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. காத்தாடி வேகமாகச் சுற்றினால் அளவுகளின் தொகுதி பெரிதாகும். நிரல் பழைய பஃபரை விட்டுவிட்டுப் பெரிய புதுப் பஃபர் எடுக்கும். புதுப் பஃபரின் பக்கங்கள் இன்னும் தொடப்படாதவை, ஆகவே காப்பியின் நடுவே ஃபால்ட் நிச்சயம். அதே வேகத்தில் பதிவுக் கோப்பும் சீக்கிரம் நிரம்பி, ஒவ்வொரு முறையும் ரிங் பஃபர் மறுபடி எம்மேப் ஆகும். இரண்டு பக்கமும் ஆட்கள் கூடினால் குறுக்கே சந்திக்காமல் எப்படி இருப்பார்கள்?

லாக்டெப்பின் குறைகளையும் சொல்லவேண்டும். கெர்னல் நன்றாகவே மெதுவாகும், நினைவகமும் கூடுதலாகப் பிடிக்கும், களத்துப் பெட்டியில் போட முடியாது. ஓடாத பாதையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. முதல் எச்சரிக்கையோடு தன்னை அணைத்துக்கொள்ளும். ஆகவே ஒன்றைத் திருத்தி, போர்டை மறுபடி துவக்கி, அடுத்ததைத் தேட வேண்டும். நாங்கள் அப்படிச் செய்ததும் இரண்டாவது எச்சரிக்கை வந்தது: அளவுத்திருத்த எண்களை வாங்கும் பாதையில், அதே மியூடெக்ஸைப் பிடித்தபடி, நிரலிடமிருந்து தரவை எடுக்கும் காப்பி ஃப்ரம் யூசர். களத்தில் அது ஒருநாளும் நின்றதில்லை. ராம்ஊப்ஸை மட்டும் நம்பியிருந்தால் முதல் பிழை கிடைத்திருக்கும், இது எங்கள் கண்ணில் பட்டிருக்காது.

திருத்துவதற்கும் சில வழிகள் இருந்தன. பஃபரை முன்கூட்டியே தொட்டு வைக்கலாம் என்று தம்பி ஒருவன் சொன்னான். தொட்டு வைத்த பக்கம் அங்கேயே இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை, எனவே அதைத் தள்ளினேன். எம்மேப் ஹேண்ட்லருக்குத் தனிப் பூட்டு என்பது நல்ல யோசனை, ஆனால் இரண்டு பூட்டுகளுக்கு இடையே இன்னொரு வரிசையைக் காக்க வேண்டும். கடைசியில், மியூடெக்ஸுக்குள் தரவைக் கெர்னலின் தற்காலிக பஃபருக்கு எடுத்து, மியூடெக்ஸை விட்டுவிட்டு, பிறகு காப்பி டு யூசர் என்று மாற்றினோம். ஒரு நகல் கூடுதல், அதன் செலவு எங்கள் அளவில் தெரியவே இல்லை.

புதிய கெர்னலுக்குப் போனால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. 2023-ல் வந்த 6.4-ல் விஎம்ஏ, அதாவது குறிப்பேட்டில் இருக்கும் முகவரி எல்லை, ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு வந்தது. நிரல் தானே தொட்டு வரும் பேஜ் ஃபால்ட் முதலில் அந்தச் சின்னப் பூட்டை முயலும், முடியாவிட்டால்தான் எம்மேப் லாக்குக்கு வரும். தொடக்கத்தில் எந்தக் கோப்போடும் சேராத அனானிமஸ் பக்கங்களுக்கு மட்டும் இருந்தது, பின்வந்த பதிப்புகளில் கோப்புப் பக்கங்களுக்கும் விரிந்தது. நெரிசலுக்கு இது உண்மையான மருந்து. எங்கள் சர்வரை நான் அதற்காகவே மாற்றுவேன். ஆனால் பெட்டிக்கு அதை வேண்டாம் என்றேன். காப்பி டு யூசரின் நடுவே வரும் ஃபால்ட் கெர்னலுக்குள் இருந்து வருவது, அது சின்னப் பூட்டை முயலாமல் நேரே எம்மேப் லாக்குக்கே போகும். வரிசைத் தப்பும் தொங்கலும் அப்படியே இருக்கும்.

நின்றுபோனது, பக்கத்தில் நம் டிரைவரும் இருக்கிறது என்றால், வேறு எதையும் தொடும் முன் ஒரு நாளைச் செலவழித்து லாக்டெப் கெர்னலைக் கட்டுங்கள் என்றுதான் சொல்வேன். நிற்கும் பெட்டி கையருகே இருந்தால், அது கட்டிக்கொண்டிருக்கும்போதே கெர்னல் தன் நிலையைக் காட்டும் ப்ராக் கோப்புகளில் த்ரெட்டுகளின் ஸ்டாக்கை, அதாவது அழைப்பு வரிசையை, படித்துவிடலாம். அதைப் படிக்க எம்மேப் லாக் வேண்டியதில்லை, பிஎஸ் போல நிற்காது.

இப்போது அந்த மேசைப் போர்டில் லாக்டெப் கெர்னல் நிரந்தரமாக இருக்கிறது. டிரைவரில் ஒரு வரி மாறினாலும் ஒரு ராத்திரி அங்கே ஓடிய பிறகுதான் பணகுடிக்கு வண்டி கிளம்பும். ஆடிக் காற்று முழுக்க பெட்டிகள் ஒருமுறைகூட அணையவில்லை. காவலுக்கு இருப்பவரிடமிருந்து அடுத்த போன் ஆவணியில்தான் வந்தது, பெட்டிக் கதவின் பூட்டு துருப்பிடித்துவிட்டது, வேறு வேண்டும் என்று.